இரண்டாவது டேக்

வியாசர்பாடி சித்தார்த் இருபது வருடம் கிரேன் ஓட்டியவர். கீழே யார் இரு கைகளையும் ஆட்டினாலும் தூக்குவதை நிறுத்த வேண்டும். அந்தத் தொழிலின் முதல் விதி அது.

எண்ணூரில் நடந்த படப்பிடிப்பில் அவர் தூக்க வேண்டியது ஒரு தகர விண்கலம். அதில் இடம் கிடைக்காமல் தரையில் தவிக்கும் பெண்ணாக நடித்த ஷாலு கைகளை ஆட்டினாள். அவர் நிறுத்திவிட்டார்.

"யோவ், அது நடிப்புயா! கண்டுக்காம தூக்கு!" என்று இயக்குநர் கத்தினார்.

மறுமுறை நிறுத்தாமல் தூக்கினார். விண்கலத்திலிருந்து தொங்கிய கயிறு ஷாலுவின் காலைச் சுற்றியிருந்தது. முதலுதவிக்குப் போயிருந்த நான் முறிந்த கணுக்காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினேன்.

சித்தார்த் கேபினைவிட்டு இறங்கவில்லை. போய்க் கூப்பிட்டேன்.

"கை ஆட்னத பாத்தேம்மா. இன்னாமா நடிக்குதுன்னு நெனச்சிகினேன்," என்றார்.

இப்போது எர்ணாவூரில் ஒரு கிடங்குக்குக் காவலாளி. கிரேன் வேலைக்குக் கூப்பிட்டால் போவதில்லை.