விலை போகாத மீன்

கிருஷ்ணகிரிச் சந்தையில் ரஹமத் பீவியிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை. கெண்டையை வாலைப் பிடித்துத் தூக்கி, "கண்ணப் பாரு, உன்னையேதான் பாக்குது" என்பாள். வந்தவர் சிரித்துவிட்டால் மீன் விற்றுவிட்டது என்று அர்த்தம்.

அவள் புருஷன் அக்பர் பாஷா வலை வீசிய ஏரியில்தான் தோல் பட்டறையின் கழிவுநீர் வந்து விழும். அங்கே பிடித்த மீன்களில் சிலவற்றைச் சனங்கள் மோந்து பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக் கூடையிலேயே போட்டுவிடுவார்கள். விலை போகாதது வீட்டுச் சட்டிக்கு என்பது மீன்காரர் வீட்டு வழக்கம். ரஹமத்தும் புளி போட்டு உரசிக் கழுவிக் குழம்பு வைப்பாள். ஊரே வேண்டாமென்றதை அவள் தின்றாள். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்தன. கண்ணேறு என்று தாயத்து கட்டினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் மூன்றாவதாக முழுகாமல் இருந்தபோது, ஆஸ்பத்திரி நர்ஸம்மா தினமும் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். பதில் சொல்லும்போதே ரஹமத்துக்கு உறைத்தது. அன்றே புருஷனிடம் சொன்னாள்.

"இனிமே அந்த ஏரி மீனு இந்த வூட்டுக்குள்ள வரக்கூடாது."

"எங்க அப்பா காலத்துலேர்ந்து திங்கறோம். எனக்கு என்னா ஆச்சு?"

"உங்க வயித்துலயா புள்ள வளருது?"

அக்பர் பாஷா மறுநாளே வலையைத் தூக்கிக்கொண்டு தென்பெண்ணைக்கு நடந்தான். மீன் குறைவு, நடை அதிகம். முணுமுணுத்துக்கொண்டே போனாலும் போனான்.

பெண் குழந்தை பிறந்தது, கொழுகொழுவென்று. முந்தைய இரண்டும் மீனால்தான் போயின என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது. ரஹமத்தும் செய்யவில்லை. ஆனால் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடி சந்தைக்கு வந்த அன்று, பக்கத்துக் கூடைக்காரர் கரியப்பன் அந்தப் பட்டறை ஏரி மீனைச் சல்லிசாக விற்றுக்கொண்டிருந்தார். நிறைமாத வயிற்றோடு காவேரி என்ற பெண் குனிந்து ஒன்றை எடுத்தாள். ரஹமத் எழுந்துபோய் அதைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள். தன்னுடைய ஆற்றுக் கெண்டையை அவள் கையில் திணித்தாள்.

கரியப்பன் எகிறினார். "ஏம் பாயம்மா, என் யாவாரத்தக் கெடுக்கறியா?"

"ஆமாண்ணா, கெடுக்கறேன். எனக்கு ரெண்டு போச்சு. இவளுக்கு ஒண்ணும் போகக்கூடாது."