பிஸ்கற் ரின்னை முதலில் பார்

சண்டைக் காலத்தில் திருகோணமலையில் பாஸ் இல்லாமல் யாரும் வள்ளம் இறக்க முடியாது. அந்தப் பாஸ் கொடுக்கிற கந்தோரில் நான் கிளாக்கர். ஆளுக்கொரு அட்டை உண்டு. அனுமதி வந்துவிட்டதா, பாஸ் அலுமாரியில் எந்தக் கட்டுக்குள் இருக்கிறது என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்லுவோம். ஒருமுறை அட்டைகளையெல்லாம் ஊர்வாரியாகப் புதிதாக எழுதச் சொன்னார்கள். எழுதி முடியும்வரை விசாரணை இல்லை என்று பலகை தொங்கவிடலாம் என்றேன். சும்மா இருக்கலாம் என்ற நல்லெண்ணம்தான்.

எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பிள்ளை ஒருத்தி அதைக் கெடுத்தாள். புதிய பெட்டி எழுதி முடியும்வரை அட்டைகள் இருக்கிற பழைய பெட்டி அப்படியே இருக்கட்டும், அன்றன்றைக்கு வருகிற மாற்றத்தைத் துண்டில் எழுதி இந்த வெறும் பிஸ்கற் ரின்னில் போட்டு மூடிவைப்போம்; யாரும் கேட்டால் முதலில் ரின், அதில் இல்லாவிட்டால் பெட்டி என்றாள். ஒரு நாளும் பிழை வரவில்லை. வருகிறவர்கள் என் கதிரையைத் தாண்டி எட்டிப் பார்த்து, "தங்கச்சி இல்லையோ?" என்பார்கள். பதினெட்டு வருடம் அந்தக் கதிரையைத் தேய்த்தவன் நான். வயிறு எரியாதா?

ஒருநாள் அவள் சாப்பிடப் போனதும் ரின்னில் இருந்த துண்டுகளை அள்ளினேன். அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் புதிய அட்டைகளில் ஏற்றிக் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்குகிற திட்டம். அந்த நேரம் பார்த்துச் சல்லி என்ற கரையோர ஊரிலிருந்து ஒருவர் வந்து நின்றார். துண்டுகளைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் செருகிவிட்டு, பழக்கதோஷத்தில் ரின்னைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பெட்டியைப் பார்த்தேன்.

"அனுமதி இன்னும் வரேல்லை," என்றேன், பெரிய துரை மாதிரி.

"ஐயா, பின்னேரம் வள்ளம் இறக்கவேணும். ஆக்கள் வலையோட கரையில நிக்கினம். ஒருக்கா அந்தத் தங்கச்சியைக் கேட்டுப் பாருங்கோவன்."

அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு ஒருவேளை பொக்கற் ஞாபகம் வந்திருக்கும்.

அவள் கை கழுவிய ஈரத்தோடு வந்தாள். "இவரின்ர துண்டை நேற்றே எழுதிப் போட்டனான். அண்ணை, ரின்னில இருந்ததெல்லாம் எங்க?"

மேசை லாச்சியை இழுத்துக் கவிழ்த்தேன். மேசைக்குக் கீழே தவழ்ந்தேன். தேத்தண்ணிப் போத்தலைக்கூடத் திறந்து பார்த்தேன். குனிந்து நிமிர்ந்ததில் பொக்கற்றிலிருந்து துண்டுகள் பொலபொலவென்று அவர் காலடியில் விழுந்தன.

"புதுசில எழுதினாப் பிறகும் துண்டு ரின்னிலதானே இருக்கவேணும், அண்ணை. புதுப்பெட்டி திறக்குமட்டும் ஒண்டையும் எடுக்கக்கூடாது," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பாஸை எடுத்து அவரிடம் கொடுத்தாள். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் நன்றியெல்லாம் அவளுக்கே சொன்னார். வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, சேட்டைத் தோய்க்கப் போடுறதெண்டா முதல்ல சல்லிக்கு அறிவியுங்கோ. நாங்கள் ஊரோட வந்து பொக்கற்றைப் பாக்கிறம்."

கந்தோரே சிரித்தது. அவளுந்தான். இத்தனை காலத்தில் நான் விட்ட ஒரு பகிடிக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.