ராகவன் சாரின் கண்ணாடி யாருக்காக

ராகவன் சாரைப் பற்றி நல்லவிதமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வயிற்றெரிச்சல் முந்திக்கொள்கிறது.

மந்தைவெளியில் வீடு, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை, கல்யாணமாகாத நாற்பத்தெட்டு வயது. சாயங்காலமானால் எங்கள் நாடகக் குழுவின் பிராம்ப்டர். மேடையோரத்து சைடு விங் இருட்டில் ஸ்கிரிப்டோடு நின்று, வசனம் மறந்தவர்களுக்கு முதல் வார்த்தையை எடுத்துக் கொடுப்பார். அவருக்கு எல்லாமே க்யூதான். எதிராளி பேசும் கடைசி வார்த்தை நமக்கு க்யூ. அவர் கை இறங்கினால் லைட்டை அணைக்க க்யூ, விரலைச் சுழற்றினால் திரைக்கு க்யூ. ஒத்திகையில் அவர் காபி டம்ளரைக் கவிழ்த்தால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம், அதுவும் க்யூ.

"வசனம் தெரிஞ்சா மட்டும் போறாதும்மா. எப்ப ஆரம்பிக்கணும்னு தெரியணும்" என்பார். இவ்வளவு விவரம் தெரிந்த மனுஷருக்கு, ஆறு வருஷமாக நான் கொடுத்த க்யூ ஒன்றுகூடப் புரியவில்லை.

நான் வைதேகி. பகலில் ஆழ்வார்பேட்டையில் ஆபீஸ், மேடையில் எப்போதும் கதாநாயகிக்கு அண்ணி. எல்லார் வசனமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் ஒவ்வொரு நாடகத்திலும் ஓரிடத்தில் மறந்தவள் மாதிரி நிறுத்துவேன். விங்கிலிருந்து, "அன்னிக்கே சொன்னேன்" என்று அவர் குரல் மெல்ல வரும். எனக்கென்று அவர் பேசுவது அது ஒன்றுதான்.

கதாநாயகி ஸ்வர்ணலதாவுக்கு மட்டும் குரலே கொடுக்க மாட்டார். மூக்குக்கண்ணாடியைத் தொடுவார். அவள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கடகடவென்று பேசுவாள். காட்சிக்கு எட்டுத் தடவை நடக்கும், நானே எண்ணியிருக்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன சித்திரையில் மயிலாப்பூர் சபாவில் நாடகம். இரண்டாவது காட்சியில் நான் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டும். இரண்டடி நகர்ந்து, அவருக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றேன். வேண்டுமென்றேதான்.

புருஷனாக நடித்த தங்கவேல் பேசி முடித்தார். ஸ்வர்ணலதா பேசவில்லை. தங்கவேலின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் முதுகுக்குப் பின்னாலிருந்து ராகவன் சார், "நான் போகலை" என்று எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் கொடுத்தார். மூன்றாவது தடவை சபாவே கேட்டுச் சிரித்தது. அவளுக்கு மட்டும் கேட்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டென்று விலகினேன். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் கை இறங்கியது, லைட் அணைந்தது.

"வலது காது போயிடுத்து வைதேகி, ரெண்டு வருஷமாச்சு. இடது காதுல கிட்டக்க சொன்னா கொஞ்சம் கேக்கறது" என்றாள் மேக்கப் அறையில். "தெரிஞ்சா வேஷத்தக் குடுக்க மாட்டாளேன்னு, சார்கிட்ட மட்டும் சொன்னேன்."

ராகவன் சார் என்னைப் பார்த்தார். "உன் இடம் நாற்காலிக்குப் பின்னாடின்னா?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த மாதம் கதாநாயகி வேஷம் எனக்கு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. இனி என் பக்கம் பார்த்துத்தானே ஆக வேண்டும்? புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். விங்கில் ஸ்கிரிப்டோடு தீபிகா என்று ஒரு புதுப் பெண் நின்றிருந்தாள்.

"சார் எங்கே?"

"அவர் குழுவுலேர்ந்து நின்னுட்டாரே மேடம். உங்களுக்குத் தெரியாதா?"

திரை விலகியது. மூன்றாவது வரிசையில் ஸ்வர்ணலதா. அவளுடைய இடது பக்கத்தில் ராகவன் சார், அவள் காதோரம் சாய்ந்திருந்தார். நான் பேசப் பேச, ஒவ்வொரு வரியையும் அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். மேடையை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமலே சொல்லும் அளவுக்கு என் வசனம் அவருக்கு மனப்பாடம்.