நாரைக் காலில் அரக்குப் பட்டு

திருப்புட்குழி போகும் வழியில் உள்ள ஏரிக்கரையில் இப்போது பலகை வைத்திருக்கிறார்கள். நாரைகள் கூடு கட்டும் மாதங்களில் வெடி வெடிக்கக் கூடாது, மரத்தில் கை வைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. பலகை வருவதற்கு வெகு காலம் முன்பே அதே கரையில் நின்று அதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருந்தவர் என் தாய்மாமா. அவர் அதிகாரி இல்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில் பட்டுப் புடவை நெய்தவர்.

தறிக்காரர்களுக்கு அமாவாசைதான் விடுமுறை. அன்றைக்கு எல்லோரும் கோயிலுக்கோ சினிமாவுக்கோ போனால், மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போவார். நடு ஏரியில், தண்ணீரில் நின்ற கருவேல மரங்களில், மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கும். உடம்பு வெள்ளை, இறக்கையில் கறுப்பு. வால் பக்கம் மட்டும் ரோஜா நிறம், யாரோ முந்தானையைச் சாயத்தில் ஒரு முக்கு முக்கி எடுத்த மாதிரி. ஒரு காலத்தில் மரம் கொள்ளாமல் வந்தவையாம். கறிக்கும் முட்டைக்கும் ஆட்கள் கைவைத்துக் கைவைத்து, நான் பார்த்தபோது நாலைந்து மரங்களோடு சுருங்கிப் போயிருந்தன.

கவண் கொண்டு வருகிறவர்களிடம் மாமா சண்டை போடமாட்டார். "பெருமாளே ஒரு செத்த கழுகுக்குப் புள்ள மாதிரி காரியம் பண்ண ஊருப்பா இது. இங்க வந்தா பறவையை அடிக்கிறே?" என்பார். அடிக்க வந்தவன் கையை ஒளித்துக்கொண்டு போவான். இதைக் கேள்விப்பட்டுத்தான் காட்டிலாகா ஆபீசர் மாமாவிடம் ஒரு நோட்டையும் ஒரு பைனாகுலரையும் கொடுத்து, அமாவாசைக்கு அமாவாசை எத்தனை கூடு, எத்தனை குஞ்சு என்று எழுதி வைக்கச் சொன்னார். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று குறைந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அது. எண்ணிக்கை தப்பாது.

அம்மாவுக்குத்தான் பொறுக்காது. "ஏன்டா, தறியில குந்தினா கழுத்து நோவுதுன்றே. கொக்கைப் பாக்க மட்டும் பொழுதன்னிக்கும் அண்ணாந்துக்கினு நிக்கிறியே!"

"அது கொக்கு இல்லக்கா, நாரை."

"எதுவா இருந்தா இன்னா? அதுவா உனக்குப் பொண்ணு பாத்து வெக்கப் போவுது?"

மாமா என்னையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போவார். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். வாயைத் திறக்காத பிள்ளை நான். பேச்சுச் சத்தத்துக்கு நாரை எழும்பிவிடும் என்பதால் என்னைப் போல ஒரு துணை அவருக்கு வாய்த்தது. தறியிலும் அவருக்கு நான்தான் துணை. அவர் நெய்ய, புடவைக் கரைக்கு நூல் சுற்றிய நாடாக் கட்டையைத் தள்ளுவது என் வேலை. அறுந்த இழைக்கு முடிச்சுப் போடவும் அந்த வருஷம்தான் பழகியிருந்தேன். எனக்கு இடக்கைப் பழக்கம். சோற்றுக்கு மட்டும் அடித்துத் திருத்தினார்கள். நூலுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் போட்ட முடிச்சு நழுவாது என்று எனக்குள்ளே ஒரு கர்வம்.

ஒருநாள் ஆபீசர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அலுமினிய வளையத்தை எடுத்துக் காட்டினார். இதைப் பறவையின் காலில் மாட்டிவிட்டால், எங்கே போனாலும் இந்த ஏரிப் பறவை என்று தெரிந்துவிடும் என்றார். கால் பருத்தாலும் இறுக்காத அளவாகப் பார்த்து, பழகினவர்கள்தான் போட வேண்டும் என்றும் சொன்னார். முதலில் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. பிறகு சொன்னது விழவில்லை.

தை அமாவாசைக்குப் போனபோது, காற்றில் ஒரு குஞ்சு கூட்டிலிருந்து விழுந்து கோரையில் சிக்கிக் கிடந்தது. மாமா இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தூக்கி வந்தார். "கெட்டியா புடிச்சுக்கோ பாப்பா, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கினு வர்றேன்" என்று என் மடியில் வைத்துவிட்டுத் திரும்பினார். என் விரலில் முந்தின நாள் தறியில் மிஞ்சிய அரக்குப் பட்டு இழைகள் சுற்றியிருந்தன. அதை எடுத்துக் குஞ்சின் காலில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். வளையம் இல்லாவிட்டால் என்ன, எங்கள் நாரைக்கு எங்கள் பட்டு. மாமா காலைக் கவனிக்காமல் துண்டில் குஞ்சைச் சுருட்டிக்கொண்டு மரமேறி, கூட்டில் விட்டுவிட்டு இறங்கினார். அது பெரிதாகிப் பறக்கும்போது அவரே பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று இருந்தேன்.

அடுத்த அமாவாசைக்கு ஆபீசரும் வந்திருந்தார். மாமா பைனாகுலரைக் கண்ணில் வைத்தவர் வெகு நேரம் எடுக்கவில்லை.

"சார், அந்தக் குஞ்சு ஒத்தக் கால்லயே நின்னுக்கினு இருக்குது."

"நாரை ஒத்தக் கால்ல நிக்காம வேற எப்படிய்யா நிக்கும்?" என்று ஆபீசர் சிரித்தார்.

"இல்ல சார். அதுக்கு நோவுது."

சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். மரத்தில் ஏறும்போது பெரிய நாரைகள் அலகைப் படபடவென்று அடித்துக்கொண்டு தலைக்கு மேலே சுற்றின. துண்டில் கொண்டு வந்து கரையில் வைத்தார். கால் பருத்திருந்தது. பட்டு பருக்கவில்லை. அரக்கு நிறம் தெரியாத அளவுக்கு இழை சதைக்குள் போயிருந்தது.

"காலை எடுக்க வேண்டி வரும்" என்றார் ஆபீசர்.

"கொஞ்சம் இருங்க சார்."

மாமா குந்தி உட்கார்ந்தார். இடுப்பு முடிப்பில் எப்போதும் இருக்கும் ஊசியையும் நூல் வெட்டும் பிளேடையும் எடுத்தார். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் ஒட்டிக்கொண்ட இழையை நகத்தால் பிரிக்கிற அதே மாதிரி, சதையிலிருந்து ஒரு இழையைத் தூக்கினார், வெட்டினார். இன்னொன்றைத் தூக்கினார். அவர் மூச்சு விட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் விடவில்லை. அந்தக் கைகளைப் போல ஒரு ஜோடியை இத்தனை வயதில் இன்னும் நான் பார்க்கவில்லை. கடைசி இழை வந்ததும் குஞ்சு காலை உதறி, மெல்லத் தரையில் ஊன்றியது.

மாமா கையில் இருந்த முடிச்சைப் பார்த்தார். உருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"யாரு கட்டினது இதை?" ஆபீசர் முகம் சிவந்துவிட்டது.

நான் வாயைத் திறந்தேன். இப்போது சொல்லிவிடுவேன், இதோ சொல்லிவிடுவேன் என்று நிற்கும்போதே மாமாவின் குரல் கேட்டது.

"நான்தான் சார். அடையாளத்துக்குக் கட்டினேன். புத்தி இல்லாம பண்ணிட்டேன்."

"உங்களை நம்பித்தானே ஏரியை விட்டேன்?" என்று கேட்டுவிட்டு, ஆபீசர் பைனாகுலரையும் நோட்டையும் வாங்கிக்கொண்டார். மாமா கழுத்தில் பைனாகுலர் வார் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

வீடு திரும்பும்போது சைக்கிளில் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார். "பட்டு அறாது பாப்பா. வாழை நாரா இருந்தா தானா அறுந்து பூடும்." புடவையைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். மாமாவுக்கு மறதி, தான் கட்டியதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார், நான் தப்பித்தேன் என்று சந்தோஷம். என் முடிச்சைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டாரே என்று ஓரத்தில் கொஞ்சம் வருத்தம்கூட.

அதற்குப் பிறகு அமாவாசைக்காக அவர் காத்திருக்கவில்லை. தறியில் உட்காருவதற்கு முன் விடியலிலேயே ஏரிக்குப் போய், அந்தக் கால் ஆறுகிறதா என்று வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு வருவார். "நோட்டைப் புடுங்கியும் புத்தி வர்லியே" என்று அம்மா திட்டுவாள். நோட்டு போனதால் கழிவு நூலில் கூட்டுக்கு ஒரு முடிச்சாகப் போட்டு எண்ணி வைத்தார். பங்குனியில் அந்தக் குஞ்சு பறந்தது. பறக்கும்போது தொங்கிய இரண்டு கால்களையும் பார்த்தேன். அடுத்த வருஷம் எத்தனை கூடு என்று சொல்ல ஆளில்லாமல் ஆபீசரே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். பைனாகுலர் திரும்ப வந்தது.

எனக்குக் கல்யாணமாகி, மாமாவும் காலமான பிறகு ஒருநாள், என் மாமியார் நான் முடிந்து வைத்த பாவின் மேல் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா இது, நொட்டாங்கை முடிச்சா? எல்லார் முடிச்சுலயும் நுனி ஒரு பக்கம் படுத்தா, உன்னுது எதிர்ப்பக்கம் படுத்துக்கினு இருக்குது. ஆயிரத்துல போட்டாலும் தனியா தெரியும் போ."

ஏரிக்கரையில் மாமா அந்த முடிச்சைக் கையில் வைத்துப் பார்த்தது கண்முன் வந்தது. பார்த்தார், பையில் போட்டார், அதற்கு அப்புறம் ஆபீசர் அத்தனை பேச்சுப் பேசி முடிக்கும் வரைக்கும் என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அதைப் போய் மறதி என்று நினைத்திருந்தேன்.