பங்களாப் புல்லில் பன்றிக் கம்பி

ருவான்வெல்லைக்கு மேலே உள்ள றப்பர் தோட்டத்துப் பங்களாவில் புல் வெட்டுகிறவள் விஜயகலா. மரத்தில் பால் வெட்டப் போய்ச் சரிவில் விழுந்து முழங்கால் போனபிறகு கிடைத்த சமதரை வேலை. அதனால் புல் வெட்டும் தள்ளு மிஷினைப் புருஷனைவிட நன்றாகக் கவனித்தாள். புருஷனுக்கு அவள் எண்ணெய் விட்டதாகக் கேள்வியில்லை. உருளையில் சுருண்டோடும் கத்திகளுக்கும் அடியில் கிடக்கும் தட்டைக் கத்திக்கும் நடுவே பேப்பர்த் துண்டைக் கொடுத்துச் சுற்றுவாள். நறுக்கென்று வெட்டினால் சரி. மடங்கினால் இரு பக்கத் திருகாணியையும் கொஞ்சம் இறுக்குவாள், கூடவே யாரையாவது ஏசுவாள்.

பெரும்பாலும் பங்களாவைக் காவல் காக்கும் வாச்சர் கஜேந்திரனை. அவனுடைய மச்சான் பெட்றோல் மிஷின் வாங்கி வைத்துக்கொண்டு, தள்ளு மிஷின் எப்போது சாகும் என்று காத்திருந்தான். அது செத்தால் விஜயகலா மறுபடி மலையேற வேண்டியதுதான்.

அன்று பாதிப் புல்லில் மிஷின் அலறி நின்றது. கவிழ்த்தாள். பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பி உருளையில் இறுகச் சுற்றியிருந்தது.

"டேய் கஜேந்திரா! பங்களா வாசல்ல எந்தப் பன்னிடா மேயுது?"

"எனக்கென்னக்கா தெரியும்? பன்னி சொல்லிட்டா வருது?"

உருளை அசையாமலிருக்கக் கத்திகளுக்கிடையே கட்டையைச் செருகிவிட்டுக் குறடு எடுக்கப் போனாள். அதற்குள் பங்களாப் படியில் தோட்டத்துத் துரையின் சப்பாத்துச் சத்தம். சுருக்கு வைத்தது தெரிந்தால் வாச்சர் வேலை போய்விடும். கஜேந்திரன் பாய்ந்தான். கட்டையைப் பிடுங்கி எறிந்தான். இடக்கையால் கத்தியைப் பிடித்து, வலக்கையால் கம்பியை இழுத்தான்.

"கைய எடுடா நாசமாப் போறவனே!" குறடோடு ஓடிவந்து குனிந்தாள் விஜயகலா.

கம்பி கழன்று வர, கயிறு இழுத்த பம்பரமாய் உருளை சுழன்றது. இரண்டு விரல் நுனிகள் புல்லில் விழுந்தன. ரத்தம் அவள் முகத்தில் தெறித்தது. கஜேந்திரன் போட்ட கூச்சலில் கீழே லயத்து வீட்டு நாய்களெல்லாம் குரைத்தன.

துரை ஓடிவந்து சிங்களத்தில் கத்தினார். "மெஷின் எக்கட்ட மொகுத் உணே நெத்த?"

ஆமாம், மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் கேட்டார்.

விஜயகலா முதலில் துவாயால் அவன் மணிக்கட்டை முறுக்கிக் கட்டினாள். நுனிகளைப் பொறுக்கிப் பொலித்தீன் பைக்குள் போட்டாள். பிறகு பேப்பர்த் துண்டைக் கத்திக்குக் கொடுத்தாள். ஒரு பக்கம் மடங்கியது. திருகாணியை இறுக்கி மறுபடி சுற்றினாள். தாள் நறுக்கென்று விழுந்தது, கொஞ்சம் சிவப்பாக.

"நல்லாதாங்க இருக்கு தொர."

துரை தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போகத் த்ரீவீல் வந்தது. ஏறப்போன கஜேந்திரனின் மடியில் பையையும் கம்பியையும் வைத்தாள்.

"ரெண்டும் ஒன்னோடதுதான், பத்திரமா வச்சுக்க. மச்சான்கிட்ட சொல்லு, மிச்சப் புல்ல நானே வெட்டிக்கிறேன்னு."