கண்ணாடி போட்ட மனுதாரர்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆளல்ல அவள். பாலையே இரண்டு முறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பாள். கடைக்காரர் சிரித்தால் அவர் சிரிப்பைப் பார்க்க மாட்டாள், மூக்குக் கண்ணாடி வழியே தராசைப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரி நலம் விசாரித்தால் எதையோ இரவல் கேட்க வந்திருக்கிறாள் என்று அர்த்தம். நாத்தனார் இவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே. முகத்துக்கு நேரே அண்ணி, முதுகுக்குப் பின்னால் எக்ஸ்ரே. அப்படி ஒரு பெயர் இருப்பதும் இவளுக்குத் தெரியும்.

பிறவிக் குணம் என்று பழியை முழுவதும் அவள் தலையில் கட்ட முடியாது. பார்த்த உத்தியோகம் அப்படி. அரசாங்க அலுவலகங்கள் மக்களை ஒழுங்காக நடத்துகின்றனவா என்று பார்க்க ஒரு கண்காணிப்புப் பிரிவு இருந்தது. அதில் அவள் ரகசிய மனுதாரர். அதாவது, ஏதோ சான்றிதழ் வேண்டும் என்கிற பாவனையில் ஒரு மனுவைப் பழுப்புப் பையில் எடுத்துக்கொண்டு போய், நாலு பேரோடு நாலு பேராக வரிசையில் நின்று, நடப்பதையெல்லாம் மனதில் குறித்துக்கொண்டு வந்து படிவம் நிரப்ப வேண்டும். மொத்தம் இருபத்திரண்டு கேள்விகள். உள்ளே நுழைந்து எத்தனை நிமிடத்தில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்? உட்காரச் சொன்னார்களா? குரல் உயர்ந்ததா? "நாளைக்கு வாங்க" எத்தனை முறை?

கடைசிக் கேள்வி மட்டும் அவளைப் பற்றியது. 'நீங்கள் யார் என்று அங்கே தெரிந்திருந்ததா?' பதினோரு வருடமாக 'இல்லை' என்று எழுதினாள். அது உண்மையாகவும் இருந்தது. 'ஆம்' என்று எழுத நேர்ந்தால் அன்றோடு வேலை போய்விடும். முகம் தெரிந்த ரகசிய மனுதாரரை வைத்துக்கொண்டு எந்தப் பிரிவுதான் என்ன செய்யும்?

அதனால் அவளுடைய சந்தோஷமே தலைகீழாக இருந்தது. ஒருமுறை ஓர் எழுத்தர் ஆரஞ்சு தின்றுகொண்டே அவள் மனுவின்மேல் கொட்டையைத் துப்பினார். இன்னொருவர் பேனாவை நிமிர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்தே தூங்கினார், அவள் கடிகாரத்தில் பதினேழு நிமிடம். திட்டு வாங்கிய நாளில் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவாள். இன்னும் தன்னை யாருக்கும் தெரியவில்லை என்பதற்கு அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

அந்த நிம்மதி ஒரு திங்கட்கிழமை காலையில் கெட்டது. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் அவள் கால் வைத்ததும் எழுத்தர் எழுந்து நின்றார்.

"வாங்கம்மா, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

அவளுக்குப் பகீரென்றது. நாற்காலியின் காலைப் பார்த்தாள், உடையவில்லை. தண்ணீரைப் பார்த்தாள், தெளிவாகத்தான் இருந்தது. ஒன்பது நிமிடத்தில் சான்றிதழ் கையில் வந்தது. இதே மேசையில் போன வருடம் மூன்று நாள் அலைய விட்டவர் இதே மனிதர்தான். எலி அம்மணமாக ஓடினால் சும்மாவா ஓடும்? அடுத்த வாரம் குடிநீர் இணைப்பு அலுவலகம், அதற்கடுத்து வாகனப் பதிவு. எங்கே போனாலும் நாற்காலி, தண்ணீர், புன்னகை. மாதம் மூன்று ஓடியது. படிவம் முழுவதும் முழு மதிப்பெண். கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் தயங்கியது. யாரும் 'நீங்கள்தானே அவர்' என்று கேட்கவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனால் எத்தனை நாள் தேற்றுவது? ஒரு நாள் பதிவு அலுவலகத்திலிருந்து வெளியே வந்ததும், அதே மாதிரி மனுவைக் கொடுத்து நாத்தனாரை உள்ளே அனுப்பினாள். நாத்தனாருக்கு வயது இருபத்தாறு, பளிச்சென்ற முகம், ஓட்டை வாய். போனவள் முக்கால் மணி நேரம் கழித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன அண்ணி, நாற்காலி, தண்ணின்னு கதை விட்டீங்க? ஏன் நிக்கிறேன்னு கேக்கக்கூட நாதியில்ல. நாளைக்கு வான்னுட்டான்!"

சந்தேகம் ஊர்ஜிதமானது. தன்னைத் தெரிந்திருக்கிறது. யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

பிரிவுத் தலைவரிடம் போய்ச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தாள். அவர் சுவரில் ஒரு வரைபடத்தை மாட்டி வைத்திருந்தார். அதில் சிவப்புக் கோடு ஏறிக்கொண்டே போனது.

"பாத்தீங்களா மேடம்? மூணு மாசத்துல எங்கேயோ போயிட்டோம். இன்னும் மூணு மாசம் இதே மாதிரி முழு மார்க் வந்தா அந்த ஆஃபீசையெல்லாம் கண்காணிப்புப் பட்டியல்லேர்ந்தே எடுத்துடலாம்னு மேலேர்ந்து சொல்லிட்டாங்க."

"இல்ல சார், அவங்க திடீர்னு இவ்வளவு நல்லவங்களா மாறினதுதான் எனக்கு..."

"நல்லது நடக்கும்போது எதுக்கு மேடம் குட்டையைக் குழப்பறீங்க?"

வேலியே பயிரை மேய்கிறதோ என்று அந்த நிமிடம் அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தாள். சிவப்புக் கோடு ஏறினால் யாருக்கு லாபம்? இவருக்குத்தான். ஆனால் நாத்தனாரையும் விட்டுவிட முடியாது, அவள் வாயில் எதுதான் தங்கியிருக்கிறது? மூன்றாவதாக வீட்டுக்காரர். அவர் அரசு அலுவலக வளாகத்து வாசலில் ஒரு மடக்கு மேசை போட்டு மக்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர். நாள் முழுவதும் எழுத்தர்களோடு டீ குடிப்பவர். இருபத்துமூன்று வருடம் குடும்பம் நடத்திய மனிதரைச் சந்தேகப் பட்டியலில் மூன்றாவதாக வைத்தோமே என்று அவளுக்கு லேசாக வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கப்பட்டாள், ஆனால் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை.

பொறி வைத்தாள். வியாழக்கிழமை ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போவதாகத் தலைவரிடம் சொன்னாள். நாத்தனாரிடம் நில அளவை அலுவலகம் என்றாள். வீட்டுக்காரரிடம் வீட்டுவசதி அலுவலகம் என்றாள். எந்த அலுவலகத்தில் நாற்காலி வருகிறதோ, அந்த ஆள்தான் துரோகி. இதைவிடச் சுத்தமான கணக்கு இருக்க முடியாது என்று அவள் நினைத்தாள்.

வியாழக்கிழமை ஓய்வூதிய அலுவலகத்தில் நாற்காலி வந்தது. தலைவர்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நில அளவை அலுவலகத்திலும் நாற்காலி வந்தது. கூடவே மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்கள். அப்படியானால் இரண்டு பேரும் கூட்டா?

கடைசியாக வீட்டுவசதி அலுவலகம். வரிசையில் அவளுக்கு முன்னால் நாலு பேர். முதலில் நின்ற பெண்மணிக்கு உடனே நாற்காலி போட்டார்கள், மரியாதையாகப் பேசினார்கள், பத்தே நிமிடத்தில் காகிதம் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பெண்மணி திரும்பி வரும்போது தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். கையிலிருந்த பழுப்புப் பையையும் சேர்த்து அடுத்து நின்றவளிடம் நீட்டினாள். அடுத்தவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பார்வை மங்கியதால் மேசை விளிம்பைத் தடவித் தடவிப் போனாள். அவளுக்கும் நாற்காலி வந்தது. அவளுக்குப் பின்னால் நின்ற பெரியவர் துணியில் கட்டிய கோப்போடு ஒற்றைக் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கண்ணாடியைத் திரும்ப வாங்குவதற்காக வாசலில் நின்றிருந்த அந்த முதல் பெண்மணியை இவள் மடக்கினாள்.

"என்னம்மா அது, கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டுக்கிறீங்க?"

அந்தப் பெண்மணி இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "தெரியாத மாதிரி கேக்கறீங்க? நீங்களும் அதே வேஷத்துலதானே வந்திருக்கீங்க! ரகசியமா சோதனை பண்ண ஒரு அம்மா வர்றாங்களாம். கண்ணாடி, பழுப்புப் பை, நிமிஷத்துக்கு ஒருதரம் வாட்ச் பாப்பாங்களாம். அந்த மாதிரி போனா வேலை நடக்குது. மனு எழுதறாரே, வளாகத்து வாசல்ல, அவருதான் சொல்லி அனுப்பறாரு. நல்ல மனுஷன்."

"அந்தப் பெரியவர் ஏன் நின்னுட்டே இருக்காரு?"

"பாவம், ஆம்பளையாச்சே. அவருக்கு இது செல்லாது."

நல்ல மனுஷன்! அவளுக்கு வந்த ஆத்திரத்தில் தெருவில் எதிரே வந்த சைக்கிள்கூட ஒதுங்கிப் போனது. வீட்டுக்கு வந்து சமையலறையில் பாத்திரங்களை ஒவ்வொன்றாக ணங் ணங்கென்று வைத்தாள். சாயங்காலம் வீட்டுக்காரர் மடக்கு மேசையோடு உள்ளே நுழைந்ததும் அந்தச் சத்தத்திலேயே விஷயம் அவருக்குப் பாதி புரிந்துவிட்டது.

"எத்தனை நாளா நடக்குது இது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. மேசையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஒரு விதவைப் பொண்ணு. ஒரே மனுவை ஒம்போது தடவை எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் தொலைச்சுட்டோம், வேற எழுதிட்டு வான்னு உள்ள இருக்கிற எழுத்தர் திருப்பி அனுப்பினான். ஒம்போதாவதை எழுதி முடிச்சதும் எனக்கே பொறுக்கல. உள்ள போயி அந்த எழுத்தர்கிட்ட சும்மா சொல்லி வெச்சேன். தம்பி, பாத்து நடந்துக்கோ, மாறுவேஷத்துல ஒரு அம்மா வர்றாங்கன்னு. அந்தப் பொண்ணும் கண்ணாடி போட்டிருந்துச்சு. பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. அவன் இன்னொருத்தன்கிட்ட சொன்னான், அவன் இன்னொருத்தன்கிட்ட. அப்புறம் நானும் வர்ற பொம்பளைங்ககிட்ட எல்லாம் சொல்ல ஆரம்பிச்சேன்."

"அந்தப் பொண்ணு கையில பழுப்புப் பை இருந்துச்சா? நிமிஷத்துக்கு ஒருதரம் அவ வாட்ச் பாத்தாளா?"

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

"என்னைத்தானே சொன்னீங்க?"

"அந்தத் தம்பி அடையாளம் கேட்டான். ஒரு பொம்பளையை அடையாளம் சொல்லுன்னா எனக்கு வேற யாரு ஞாபகத்துக்கு வரும்? கண்ணு முன்னாடி இருக்கிறது நீதானே."

இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனைவி என்ன செய்வாள்? கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே கழன்று விழுந்தது. மிச்சப் பாதியை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு வருஷம் நீ எழுதின படிவத்துல ஒரு நாற்காலி நகர்ந்துச்சா, சொல்லு?" என்றார் அவர். குரலில் வீம்பு இல்லை, நிஜமாகவே கேட்டார். "நான் ஒரு வார்த்தை சொன்னேன், நூறு பேருக்கு வேலை நடந்துச்சு."

அவர் சொன்னது உண்மைதான். அவளுடைய படிவங்கள் ஏதோ ஓர் அலமாரியில் கட்டுக் கட்டாகத் தூங்கின. ஆனால் அந்தப் பெரியவர் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி நின்றதும் உண்மை.

"கண்ணாடிக்குத்தான் மரியாதை கொடுக்கிறாங்க. ஆளுக்கு இல்ல," என்றாள். "இன்னும் மூணு மாசம் நான் 'இல்லை'ன்னு எழுதினா அந்த ஆஃபீசையெல்லாம் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்க. அப்புறம் யாருமே வந்து பாக்க மாட்டாங்க. யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கு உங்க கண்ணாடியும் செல்லாது."

அவர் இதை யோசித்திருக்கவில்லை. முகம் சுருங்கியது.

"ஆம்னு எழுதினா உன் வேலை போயிடுமே?"

"போகும். எப்படித் தெரிஞ்சுதுன்னும் எழுதணும். உங்க மேசையை வாசல்லேர்ந்து தூக்கச் சொன்னாலும் சொல்லுவாங்க."

நாத்தனார் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் கேட்காமல் போனாள். பிறகு இவள் தன் பையிலிருந்து அன்றைய படிவத்தை எடுத்தாள். இருபத்தோரு கேள்விகளுக்கும் தானே பதில் எழுதினாள். கடைசிக் கேள்விக்கு வந்ததும் கை ஓடவில்லை. பதினோரு வருடத்து வேலையை ஒரு சொல்லில் முடிப்பது அவ்வளவு சுலபமா? படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கறீங்க. எனக்கும் எழுதிக் கொடுங்க."

அவர் சுவரோரம் இருந்த மடக்கு மேசையை விரித்துப் போட்டார். வாடிக்கையாளருக்கு எழுதுவதுபோலவே காகிதத்தை நேராக்கி, பேனாவை ஒருமுறை உதறிவிட்டு எழுதத் தொடங்கினார். எழுதி முடித்ததும், எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுகிற வழக்கத்தில் வாய்விட்டுப் படித்தார்.

"ஆம். வளாகத்து வாசலில் மனு எழுதும் ஒருவர் மூலம் அடையாளம் வெளியே தெரிந்தது."

"ஒருவர்னா யாரு?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேனா மறுபடி காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. இந்த முறை கொஞ்சம் அதிக நேரம் எடுத்தது. எழுதி முடித்தும் அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. படிவத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சுப் பாத்துக்கோம்மா. நான் ஏதாவது மாத்தி எழுதியிருந்தா?"

அவள் பேனாவை வாங்கினாள். படித்துப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டாள்.