இரண்டு பொட்டலம்

வாழ்க்கைப்படுகிற வீட்டில் யாரையும் நம்பாதே என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். சொல்லாவிட்டாலும் நம்பியிருக்க மாட்டேன். என் பிறவிப் புத்தி அப்படி. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மற்றவர்கள் பார்ப்பார்கள். தண்ணீரில் பால் கொஞ்சமாவது இருக்கிறதா என்று நான் பார்ப்பேன்.

ஜெர்மன் சண்டைக்கு ஏழெட்டு வருஷம் முந்தி, அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி டவுணுக்கு மருமகளாக வந்தேன். மாமனார் இல்லை. என் வீட்டுக்காரர் ஒரே பிள்ளை. தாலுகா கச்சேரியில் எழுத்து வேலை, வீட்டில் வாயே திறக்கமாட்டார். ஆட்சி முழுக்க அத்தையுடையது. விடியுமுன் ஆற்றில் முங்கி, நெல்லையப்பரையும் அம்மனையும் பார்த்துவிட்டு வரும்வரை பச்சைத்தண்ணீர் பல்லில் படாது. அவள் திருநீறு பூசிவிட்டால் காய்ச்சல் இறங்கும் என்று தெருவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரும். எனக்கோ அந்தப் பக்தியைப் பார்த்தாலே உள்ளுக்குள் ஒரு முள் குத்தும். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று இருந்துவிட்டால்?

ஆறு வருஷமாகியும் எனக்குப் பிள்ளை இல்லை. பேட்டையிலிருந்து மாமனாரின் அண்ணன் வாரத்துக்கு இரண்டு தடவை வர ஆரம்பித்தார். அவரைப் பெரிய மாமா என்போம். அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அத்தை கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்லுவாள். நான் மோர் கொண்டுபோனால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் பூசைப் பெட்டியைத் துடைக்கும்போது, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஜாதகம் ஒன்று அடியில் கிடந்தது. பதினாலு வயதுப் பெண்ணின் ஜாதகம். இருந்த மடிப்பிலேயே திருப்பி வைத்தேன்.

அதைவிடப் பயம் எது தெரியுமா? அந்த வாரம் முழுக்க அத்தை என்னிடம் பிரியமாக இருந்தாள். என்னை உட்காரவைத்துத் தலை வாரிவிட்டாள். கத்தரிக்காய் கருகினதற்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டுக்கு மாலை போடுவது எதற்கென்று எனக்குத் தெரியாதா?

கடைசியில் விஷயத்தை அவளே சொன்னாள். வெள்ளிக்கிழமை காலையில் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கப்போகிறார்களாம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்லுவார்கள். வெள்ளை வந்தால் கேட்டதற்குச் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிவப்பு வந்தால் இல்லை. எதைப் பற்றிக் கேட்கப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. ஜாதகத்தைத்தான் பார்த்துவிட்டேனே.

அன்று ஐப்பசி மழையில் ஆறு கலங்கி ஓடியதால் அத்தை கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள். பூசையறைத் தாம்பாளத்தில் இரண்டு பொட்டலம், வாழையிலையில் மடித்து நாரால் கட்டி, தயாராக இருந்தன. வாளிச் சத்தத்தில் ஒரு காதை வைத்துக்கொண்டு ஒன்றைப் பிரித்தேன். நந்தியாவட்டை. மற்றதையும் பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எதை எடுத்தாலும் வெள்ளை, எப்படியும் சக்களத்தி. சாமியையே ஏமாற்றத் துணிந்தவள் என்னை விட்டுவைப்பாளா? கொல்லைக்கு ஓடி ஒரு செவ்வரளியைப் பறித்து வந்து, ஒரு பொட்டலத்தில் மாற்றி வைத்து, அவள் போட்டிருந்த மாதிரியே முடிச்சுப் போட்டேன். இரண்டிலும் சிவப்பை வைக்க மனம் துணியவில்லை. பிள்ளையாருக்கும் ஒரு பொட்டலம் இருக்கட்டும் என்று விட்டேன்.

கோயிலில் பெரிய மாமா, வீட்டுக்காரர், அத்தை, நான், பூசை செய்கிறவரின் நாலு வயது மகள். அவ்வளவுதான். கேட்கவேண்டியதைப் பெரிய மாமா கேட்பார் என்று நினைத்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமுவதற்குள் அத்தை தலைக்குமேல் கைகூப்பிக்கொண்டு முன்னால் போனாள்.

“இருக்க மருமவளே எனக்குப் போதும்னு நெனைக்கேன். அவ வாழுத வீட்டுல இன்னொருத்தி வரவேண்டாம். இதுக்கு உத்தரவு குடுய்யா.”

பெரிய மாமாவின் முகம் கறுத்தது. சாமி முன்னால் கேட்ட கேள்வியை யார் மாற்ற முடியும்? எனக்காகத்தான் அவள் இரண்டிலும் வெள்ளையை வைத்திருக்கிறாள். அதை நான் கெடுத்துவைத்திருக்கிறேன். நிறுத்துங்கள் என்று கத்த வாய் திறந்தேன். நான் பூவை மாற்றியது தெரிந்துவிடுமே என்று மூடிக்கொண்டேன். அதற்குள் குழந்தை எடுத்துவிட்டது.

செவ்வரளி.

அத்தை மற்றப் பொட்டலத்தைத் தானே பிரித்தாள். அதில் நந்தியாவட்டை. அந்த இரண்டு பூவையும் மாறிமாறிப் பார்த்தாள். இப்போது என் பக்கம் திரும்புவாள் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. பிள்ளையாரைப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே தரையில் விழுந்தாள்.

தை மாதம் இளையவள் வந்தாள். நல்ல பெண்தான், மூன்று பெற்றாள். அந்தப் பிள்ளைகள் என்னையும் அம்மா என்றுதான் கூப்பிட்டன. அத்தை அன்றோடு உப்பை விட்டாள், ஒருவேளைச் சாப்பாடு என்று ஆக்கிக்கொண்டாள். என்ன பக்தி, என்ன வைராக்கியம் என்று தெரு மெச்சியது. அவள் எதற்காகத் தன்னை வாட்டிக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் அவள் இலையில் உப்பில்லாத சோற்றை நான்தான் வைத்தேன்.

சண்டைக் காலத்தில் அவள் படுத்த படுக்கையானாள். ஒரு மத்தியானம் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்தாள்.

“ஏட்டி, நான் ரெண்டுலயும் வெள்ளையத்தான் வச்சேன். சாமியவே ஏமாத்தப் பார்த்தேன். நான் கட்டுன பொட்டலத்துக்குள்ளயே அவரு செவப்பாக்கிட்டாரு. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துச்சுட்டி, இவரு நெசமாவே இருக்காரான்னு. அன்னையோட போச்சு. நான் செஞ்ச வினை ஒன் தலையில விடிஞ்சிட்டு. என்னைய மன்னிச்சிரு.”

பூவை மாற்றியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு தெளிவு. நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் சாமி போய்விடும். அதுவும் இந்த நேரத்தில். மன்னித்துவிட்டேன் அத்தை என்று சொன்னேன். மறுநாள் கண்ணை மூடினாள்.

அவள் நிம்மதியாகப் போகட்டும் என்றுதான் வாயைத் திறக்கவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதையும் நான் நம்புவதில்லை. அன்று கோயிலில் எதற்கு வாயை மூடிக்கொண்டேனோ, அதற்குத்தான் இரண்டாம் முறையும் மூடிக்கொண்டேன்.